‘போயிட்டு வரேன்’ என்று சொல்லும் முன்: குழந்தைகள் ஹோமில் கடைசி நாளுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூர், மலேசியா, லண்டன், டொராண்டோ என்று எங்கிருந்தோ கிளம்பி, பாலக்காட்டு எல்லைப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், சித்தூர் வட்டாரத்துக் குழந்தைகள் ஹோம்களில் இரண்டு மூன்று வாரம் வேலை செய்ய வருகிற தமிழர்களுக்காக எழுதியது இது. ஊர் கேரளாவில் இருக்கிறது. பேச்சு பெரும்பாலும் தமிழ், பள்ளியிலும் தமிழ் மீடியம் உண்டு. ஆனால் ஹோமைக் கண்காணிக்கிற குழந்தைகள் நலக்குழு பாலக்காட்டில் இருக்கிறது. அலுவலகத் தாள்கள் மலையாளத்தில் வரும். முதல் நாள் என்ன செய்ய வேண்டும் என்று ஹோம்காரர்களே சொல்லிவிடுவார்கள். கடைசி நாளைத்தான் யாரும் திட்டமிடுவதில்லை. கேக், பலூன், கண்ணீர், செல்ஃபி, டாக்சி என்று அது தானாக நடந்து முடிந்துவிடும். அதன் பலன் மறுநாள் காலையில் வார்டன் அக்கா தலையில் விழும்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. நம்மில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிக் கிளம்ப மாட்டோம்; சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் வாயிலேயே அடிப்பார்கள். ‘போயிட்டு வரேன்’தான். இந்தப் பக்கத்துக் கொங்குத் தமிழில் ‘போயிட்டு வாரனுங்க’. மலையாளத்திலும் அதே வழக்கம், ‘போயிட்டு வராம்’. நமக்கு அது வெறும் மரியாதை. அம்மா ‘வரேன்’ என்று சொல்லிவிட்டுப் போய் மூன்று வருஷமாகக் காத்திருக்கும் குழந்தைக்கு அது வாக்கு. ‘எப்போ வருவீங்கக்கா?’ என்று அடுத்த கேள்வி வரும். ‘சீக்கிரம்’ என்பீர்கள். ‘லீவுக்கு’ என்பீர்கள். அந்தக் குழந்தை ஒவ்வொரு லீவையும் எண்ணும்.

அதனால் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே வாயில் பழக்கிக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளைகளிடம்: ‘சனிக்கிழமை காலையில ஊருக்குக் கிளம்பறேன். திரும்பி வருவேனான்னு எனக்குத் தெரியாது. உங்களோட இருந்தது எனக்குப் பிடிச்சிருந்தது.’ ஐந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தேதி புரியாது. ‘நாளைக்கு நீ தூங்கி எழுந்து, இட்லி சாப்பிட்டு, கொஞ்ச நேரம் விளையாடினதும் அக்கா கார்ல போயிருவேன். அப்புறம் உனக்குச் சோறு போடறது சமையல் சேச்சி, தூங்க வைக்கறது வார்டன் அக்கா’ என்று அவர்களுடைய நாளின் வரிசையிலேயே சொல்லுங்கள். நீங்கள் போன பிறகு யார் இருப்பார்கள் என்பதுதான் அவர்களுக்கு வேண்டிய செய்தி. சமையல்கட்டில் இருக்கும் பெரியவர்கள் ‘போறேன்னு சொல்லாதம்மா’ என்று அதட்டினால், அவர்களிடம் மட்டும் ‘வாரனுங்க’ சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை. குழந்தைகள் காதில் விழாமல் சொன்னால் சரி.

இந்தச் செய்தியைக் கடைசி நாளில் முதல்முறையாகச் சொல்லக் கூடாது. வந்த அன்றே ஒரு தினசரி காலண்டர் அட்டையைப் படிப்பறையில் மாட்டி, கிளம்பும் தேதியில் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். கேரள வீடுகளில் பெரும்பாலும் மாதக் காலண்டர்தான் தொங்கும். நம் பக்கத்துத் தாள் கிழிக்கிற காலண்டர்தான் இதற்குத் தோது. தினமும் ஒரு குழந்தை ஒரு தாள் கிழிக்கட்டும். கட்டு மெலிவது கண்ணுக்குத் தெரியும். வந்து சில நாள் ஆகியும் இதைச் செய்யவில்லை என்றால், குறைந்தது ஐந்து நாள் மிச்சமிருக்கும்போதாவது மாட்டிவிடுங்கள்.

கிளம்பும் நேரம்

ராத்திரி விமானம் என்றாலும் ஹோமைவிட்டுப் பகலில் கிளம்புங்கள். குழந்தைகள் தூங்கும்போது நழுவுவது எல்லோருக்கும் சுலபமாகத் தெரியும். எழுந்து பார்க்கும் குழந்தைக்குத் தூங்கினால் ஆள் காணாமல் போய்விடும் என்று பாடமாகும். பிறகு வாரக்கணக்கில் படுக்க மறுப்பார்கள். பள்ளிக்குப் போயிருக்கும்போது கிளம்புவதும் அதே கதை.

தோதான நேரம் சனிக்கிழமை காலை 11 மணி. டிபன் முடிந்திருக்கும், பெரும்பாலும் பள்ளி இருக்காது, மதியச் சாப்பாடு இனிமேல்தான். நீங்கள் போன ஒரு மணி நேரத்தில் சாப்பாட்டு மணி அடிக்கும். அதன்பின் ஃபுட்பால் மேட்சோ டி.வி.யில் படமோ வைத்துவிடும்படி முந்தின நாளே வார்டனிடம் கேட்டு வையுங்கள். சனிக்கிழமை ராகு காலம் 9 முதல் 10.30 வரை. உங்களுக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். ஆனால் ராகு காலத்தில் ‘கிளம்பறேன்’ என்று பையைத் தூக்கினால் சமையல் சேச்சி வாசலில் உட்கார வைத்துவிடுவார், குழந்தைகள் இன்னும் அரை மணி நேரம் உங்களைச் சுற்றி அழுதுகொண்டு நிற்பார்கள். ஞாயிறு என்றால் 4.30 முதல் 6 வரை, வெள்ளி 10.30 முதல் 12 வரை. பார்த்துத் திட்டமிடுங்கள்.

கோயம்புத்தூர் விமான நிலையம் ஊருக்குக் கிழக்கே பீளமேட்டில் இருக்கிறது. வேலந்தாவளம் வழியாகவோ வாளையார் வழியாகவோ போய் நகரைத் தாண்டியாக வேண்டும். போன் ஒன்றரை மணி நேரம் என்று காட்டினால் இரண்டரை வைத்துக்கொள்ளுங்கள். கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரி என்றால் 120 கிலோமீட்டருக்கு மேல். குதிரான் சுரங்கப்பாதை வந்த பிறகு மலை ஏறும் தொல்லை இல்லை, ஆனால் மண்ணுத்தி முதல் அங்கமாலி வரை நெரிசல் எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டு நம்பர் டாக்சி பேசினால் கேரளா பெர்மிட் போட்டாயிற்றா என்று முந்தின நாளே கேளுங்கள். ரயில் என்றால் டிக்கெட்டை ஒருமுறை பாருங்கள்: பாலக்காடு டவுன் ஸ்டேஷன் வேறு, ஒலவக்கோட்டில் இருக்கும் பாலக்காடு ஜங்ஷன் வேறு. ஹர்த்தால் (முழு அடைப்பு) அறிவிப்பு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். ஹர்த்தாலுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019-ல் சொல்லியிருக்கிறது. என்றாலும் திடீர் ஹர்த்தால் அறவே நின்றுவிடவில்லை.

பாயசம், முந்தின நாளே

விருந்து வேண்டும் என்றால் கிளம்புவதற்கு முந்தின நாள் வையுங்கள். கடைசி நாள் சாதாரண நாளாக இருக்கட்டும்: இட்லி, விளையாட்டு, டாட்டா. விருந்து கொடுத்த கையோடு ஆள் மறைந்தால் பண்டம் வந்தாலே பிரிவு வரப்போகிறது என்று சில குழந்தைகளுக்குப் பதிந்துவிடும். அடுத்த தடவை யார் கேக் கொண்டு வந்தாலும் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வெளியே சமைத்த சாப்பாட்டைப் பல ஹோம்களில் அனுமதிக்க மாட்டார்கள், அது நியாயமும்கூட. பொருளை வாங்கிக் கொடுத்து ஹோம் அடுப்பிலேயே செய்யச் சொல்லுங்கள். 40 குழந்தைகள், பத்துப் பெரியவர்கள், ஆளுக்கு 150 மில்லி டம்ளர் என்று சேமியா பாயசத்துக்குக் கணக்கு: சேமியா 1 கிலோ, பால் 6 லிட்டர், தண்ணீர் 2 லிட்டர், சர்க்கரை ஒன்றரை கிலோ, நெய் 150 கிராம், முந்திரி 200 கிராம், திராட்சை 150 கிராம், ஏலக்காய் 15 கிராம். பாலில் ஒரு லிட்டரைத் தனியாகக் காய்ச்சி எடுத்து வையுங்கள். சேமியா நிற்க நிற்கப் பாலைக் குடித்துக் கூழாகிவிடும். பரிமாறும் முன் அந்தச் சூடான பாலை ஊற்றினால் இளகும். சேமியா முழுக்க வெந்த பிறகே சர்க்கரை போட வேண்டும், முன்னாலேயே போட்டால் விறைத்துக்கொண்டு வேகாது. சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். கொதிக்கிற பாலில் வெல்லம் விழுந்தால் திரிந்துவிடும். வெல்லம்தான் வேண்டும் என்றால் தேங்காய்ப் பாலில் பருப்புப் பிரதமன் செய்யச் சொல்லுங்கள், இந்த ஊர் சேச்சிகளுக்குக் கை வந்தது. அதிலும் கெட்டியான முதல் பாலை ஊற்றியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். முந்திரி ஒவ்வாத குழந்தை இருக்கிறதா என்று வார்டனிடம் கேட்டு, வறுத்ததைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

மேடை, மைக், குழந்தைகள் வரிசையில் நின்று நன்றிப் பாட்டு, உங்களுக்குப் பொன்னாடை – இதெல்லாம் வேண்டாம் என்று நிர்வாகத்திடம் முன்கூட்டியே பணிவாகச் சொல்லிவிடுங்கள். வற்புறுத்தினால் பொன்னாடையை அலுவலக அறையில் வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாடு போட்டதற்கு வரிசையில் நின்று நன்றி சொல்லப் பழகிய குழந்தை, அடுத்து வருகிறவர் யாராக இருந்தாலும் அதையே செய்யும்.

பரிசும் பணமும்

தனித்தனிப் பரிசு கூடாது. ‘இவளுக்கு மட்டும் ஒரு சின்ன வாட்ச்’ என்று ரகசியமாகக் கொடுத்தால், அன்று மாலையே அது சண்டையாகும். இரண்டு நாளில் காணாமல் போகும். யாரோ ஒரு பிள்ளை திருடன் என்று பெயர் வாங்கும். மிச்ச ரூபாய் நோட்டைக் குழந்தை கையில் திணிப்பதும் அப்படித்தான். ‘இது உனக்கு எங்கிருந்து வந்தது?’ என்று வார்டன் கேட்கும்போது பதில் சொல்ல நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள்.

எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்க விரும்பினால் வார்டனிடம் பட்டியல் கேளுங்கள். கரடி பொம்மை அதில் இருக்காது. உள்ளாடை, சானிடரி நாப்கின், பேன் சீப்பு, நகவெட்டி, இரண்டு கோடு நோட்டு, குடை இருக்கும். செருப்பு வாங்குவதாக இருந்தால் வயதை வைத்து அளவு ஊகிக்காதீர்கள். செய்தித்தாளில் ஒவ்வொரு பாதத்தையும் பென்சிலால் வரைந்து, அந்தத் தாளோடு சித்தூர் கடைவீதிக்குப் போங்கள். வாங்கியதை ஸ்டோர் ரூமில் கொடுத்து ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்றி, பில்லையும் சேர்த்து வைத்துவிட்டு வாருங்கள். விநியோகத்தை நீங்கள் செய்ய வேண்டாம்; மறுவாரம் வார்டன் கொடுக்கட்டும். நல்ல சாமான் வார்டன் கையிலிருந்து வருவது ஹோமுக்கும் நல்லது.

நன்கொடையில்தான் பலர் சட்டத்தில் சிக்குகிறார்கள். உங்களிடம் இருப்பது வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் நீங்கள் கொடுப்பது வெளிநாட்டுப் பணம்தான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வின் கீழ் பதிவோ முன் அனுமதியோ உள்ள ஹோம் மட்டுமே அதை வாங்கலாம். அதுவும் 2020 திருத்தத்துக்குப் பிறகு, டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் கிளையில் ஹோம் இதற்கென்றே வைத்திருக்கும் கணக்கின் வழியாக மட்டுமே. கையில் ரொக்கம் கொடுத்தால் உங்களைவிட ஹோம் மாட்டும். பொருளாகக் கொடுப்பதும் இதே சட்டத்துக்குள் வரும் என்பதால், ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டர் என்று பெரிதாக எதையும் வாங்கும் முன் ஹோமின் கணக்கரிடம் பேசுங்கள். இந்திய பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை செய்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டுப் பணமாகாது. நன்கொடைக்கு வருமான வரி விலக்கு (80ஜி என்பார்கள்) வேண்டுமானால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது.

மீந்துபோன மாத்திரை, சிரப் எதையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெளிநாட்டு லேபிளில் உள்ள அளவு இங்கே ஒருவருக்கும் புரியாது. யாராவது ஜுரத்தில் இருக்கும் குழந்தைக்குக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் பெயரில் வாங்கிய சிம் கார்டையும் பெரிய பையன் எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்க வேண்டாம்.

போட்டோ

2015-ன் இளைஞர் நீதிச் சட்டம், 74-ஆம் பிரிவு: ஹோமில் பராமரிக்கப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதையும் வெளியீடு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தில் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் சட்டையைப் பார்ப்பதில்லை: யூனிஃபார்ம் பேட்ஜில் பள்ளியின் பெயர், பின்சுவரில் ஹோம் போர்டு, போட்டோவுக்குள்ளேயே போன் பதித்து வைத்த இடக்குறிப்பு. சில குழந்தைகளை வீட்டாரிடமிருந்து பாதுகாக்கத்தான் இங்கே வைத்திருப்பார்கள். ஒரு படம் போதும், ஆள் தேடி வர.

எனவே கடைசி நாள் காலை, பை கட்டும் முன், வார்டனோடு உட்கார்ந்து போனில் உள்ள படங்களை ஒருமுறை தள்ளிப் பாருங்கள். முகம் தெரிவதை அழியுங்கள், ‘சமீபத்தில் நீக்கியவை’ பெட்டியிலிருந்தும் அழியுங்கள். நினைவுக்கு வேண்டுமென்றால் கைகள், கோலம், நீங்கள் பெயிண்ட் அடித்த சுவர், விளையாடும் முதுகுகள் போதும். குழந்தைகள் வரைந்து கொடுத்த படத்தின் மூலையில் பெயரும் வகுப்பும் எழுதியிருக்கும். வீட்டுச் சுவரில் ஒட்டலாம், இணையத்தில் போடாதீர்கள்.

ஒப்படைப்பு

சாவி, நூலகப் புத்தகம், மழைக்கோட்டு எல்லாம் திருப்பிக் கொடுப்பது தெரிந்ததே. விட்டுப்போவது பாடக் குறிப்பு. ஒரே பக்கம், ஹோமிலேயே இருக்கட்டும்: எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் வரை வந்தது, யார் எங்கே தடுக்கி நிற்கிறார்கள். ‘கணக்கில் பின்தங்கியிருக்கிறான்’ என்று எழுதினால் அடுத்து வருபவருக்கு உதவாது. ‘கடன் வாங்கிக் கழிப்பதில் நடுவில் பூஜ்யம் வந்தால் நின்றுவிடுகிறான், 503-ல் 278 கழிக்கச் சொல்லிப் பாருங்கள்’ என்று எழுதுங்கள். யார் உங்களிடம் அதிகம் ஒட்டிக்கொண்டது என்பதை மட்டும் எழுத வேண்டாம், வார்டனிடம் வாயால் சொல்லுங்கள். அடுத்த வாரம் படுக்கை நனைவதும், சாப்பிடாமல் இருப்பதும், வம்புச் சண்டையும் அந்தக் குழந்தையிடம்தான் முதலில் தெரியும். பாதி அடித்த சுவர், பாதி போட்ட தோட்டம் இருந்தால் கடைசி நாளில் அவசரமாக முடிக்கப் பார்க்காதீர்கள். ஈரப் பெயிண்டும் நாற்பது குழந்தைகளும் ஒத்துவராது.

கடைசி நேரத்தில் ஒரு குழந்தை எதையாவது சொன்னால்

இதை அவசரமில்லாமல் படியுங்கள். அடி, தொடுதல், மிரட்டல் என்று நாள்கணக்கில் மனதில் வைத்திருந்ததைக் குழந்தை கிளம்பும் ஆளிடம் சொல்வதுண்டு. நாளைக்கு இந்த முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்ற தைரியம் அது. அப்போது செய்ய வேண்டியது:

‘யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்யாதீர்கள். ‘உனக்கு உதவ முடிஞ்சவங்ககிட்ட மட்டும் சொல்வேன்’ என்று சொல்லுங்கள். துருவிக் கேள்வி கேட்காதீர்கள். எங்கே தொட்டான், எத்தனை தடவை என்று நீங்கள் கேட்பதே பிறகு விசாரணையைக் கெடுக்கும். குழந்தை பேசி முடித்ததும் தனியே போய், அது சொன்ன சொற்களை அப்படியே, தமிழும் மலையாளமும் கலந்து வந்தால் கலந்தபடியே, நேரத்தோடு எழுதுங்கள். நல்ல தமிழுக்கு மாற்றக் கூடாது. பிறகு ஹோம் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். ஹோமில் வேலை செய்பவர் மேலேயே புகார் என்றால் அவரைத் தாண்டி குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ குழந்தைகள் நலக்குழுவுக்கோ நேரே சொல்லுங்கள். பாலியல் குற்றம் என்று சந்தேகம் இருந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி அறிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்; சுற்றுலா விசாவில் வந்தவருக்கும் அது பொருந்தும். விமானத்தைத் தள்ளிப்போட நேர்ந்தால் தள்ளிப்போடுங்கள்.

வாசலில்

பைகளைக் குழந்தைகள் பார்க்காதபோது காரில் ஏற்றிவிடுங்கள். எல்லோரிடமும் கூடத்தில் வைத்து ஒரே தடவை விடை பெறுங்கள்; பத்து நிமிஷம் போதும். கட்டிப்பிடிக்க வருகிற குழந்தையைத் தடுக்க வேண்டாம், வராத குழந்தையை இழுக்க வேண்டாம். தோட்டத்தில் போய் ஒளிந்துகொண்ட பையனைத் தேடிக் கூட்டிவரச் சொல்லாதீர்கள், அது அவன் விடைபெறும் விதம்.

நாலு வயதுக் குழந்தை காலைக் கட்டிக்கொண்டால் விரல்களைப் பிரித்து எடுக்காதீர்கள். நீங்கள் குத்துக்காலிட்டு உட்காருங்கள். தினமும் அதைக் குளிப்பாட்டுகிற ஆள் பக்கத்தில் வந்து உட்காரட்டும். ‘அக்கா இப்போ போறேன். உனக்கு அழுகை வருது, எனக்கும்தான்.’ அவ்வளவே. இரண்டு மூன்று நிமிஷத்தில் பிடி தளரும். தளர்ந்ததும் குழந்தையை அந்த ஆள் மடிக்கு மாற்றிவிட்டு எழுந்துவிடுங்கள். காரில் ஏறிய பின் இறங்கக் கூடாது. ‘இன்னொரு தடவை’ என்று திரும்பி ஓடுவது உங்களுக்கு ஆறுதலாக இருக்கும், அங்கே அழுகை முதலிலிருந்து தொடங்கும்.

போன பிறகு

போன் நம்பரும் இன்ஸ்டாகிராம் பெயரும் குழந்தைகள் கேட்பார்கள். கொடுக்க வேண்டியது ஹோம் முகவரிக்கு வரும் ஒரே ஒரு கடிதம். தேதி சொல்லிவிட்டு அனுப்புவது நல்லது: ‘ஓணத்துக்கு முன்னால ஒரு கார்டு வரும்.’ சொன்னால் அனுப்பியே ஆக வேண்டும். வெளிநாட்டுத் தபால் தாமதமாகலாம் என்பதால் ஒரு மாதம் முன்பே தபாலில் சேருங்கள். உறை பொறுப்பாளர் பெயருக்கு, உள்ளே எல்லோருக்கும் சேர்த்து ஒரே கார்டு. அனுப்ப முடியுமா என்று நிச்சயமில்லை என்றால் சொல்லவே வேண்டாம்.

கடைசியாக உங்கள் உடம்பு. ஊர் போய்ச் சேர்ந்ததும் பேன் சீப்பால் ஈரத் தலையை வாரிப் பாருங்கள், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. சொறி சிரங்கு முதல்முறை ஒட்டினால் அரிப்பு தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும்; அதனால் ஹோமை மறந்திருக்கும் நேரத்தில், ராத்திரியில், விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் அரிக்கும். டாக்டரிடம் எங்கே தங்கியிருந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். வழக்கமாகக் கொடுப்பது 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம்: கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கத் தடவி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளித்து, ஒரு வாரத்தில் மறுபடி ஒருமுறை. வீட்டில் இருப்பவர்களும் அதே நாளில் தடவ வேண்டும். துணி, போர்வையை வெந்நீரில் துவையுங்கள். பிறகு ஹோமுக்கு ஒரு மெயில் போடுங்கள், வெட்கப்படாமல். அங்கேயும் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து போட்டால்தான் அது தீரும்.